கிராமுக்கு எவ்வளவு தூக்கம்? இயர் பிளக் முதல் கொக்கித் தராசு வரை

பயணப் பொருள் விற்கிறவர்கள் எதையும் 'கையடக்கம்' என்றுதான் சொல்வார்கள். கையில் அடங்குவதெல்லாம் பையில் அடங்கிவிடுவதில்லை. கேபின் பைக்கு 7 கிலோ வரம்பு வைத்திருக்கும் விமான நிறுவனங்கள் பல. சக்கரம் வைத்த டிராலி காலியாக இருக்கும்போதே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிஞ்சுகிற நான்கு கிலோவில் உடை, சார்ஜர், செருப்பு எல்லாம் போகத் தூக்கத்துக்கென்று அரைக் கிலோ ஒதுக்கினாலே பெரிது. அதனால் இங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரே தராசுதான்: இத்தனை கிராம் சுமந்தால் எவ்வளவு தூக்கம் கிடைக்கும், அல்லது எவ்வளவு இடம் மிஞ்சும்?

அந்தத் தராசில் முதலிடம் நுரை இயர் பிளக்குக்கு. ஒரு ஜோடி இரண்டு கிராம்கூட வராது. பறக்கும் விமானத்தின் கேபினில் சுமார் 80 முதல் 85 டெசிபல் வரை இரைச்சல் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். உறையில் என்.ஆர்.ஆர். என்று, சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கான ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஹோவர்ட் லைட் மேக்ஸ் வகைக்கு 33, மஞ்சள் உருளையாக வரும் 3எம் இ.ஏ.ஆர். கிளாசிக்குக்கு 29. இது ஆய்வகத்தில் ஒழுங்காகச் செருகி அளந்த எண். நடைமுறைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா சொல்லும் கணக்கு வேறு: எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 33 என்று போட்டிருந்தால் கையில் கிடைப்பது 13 டெசிபல். அற்பமாகத் தெரியும், ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத்தான் கேட்கும்.

'இயர் பிளக் எனக்கு ஒத்துவரவில்லை' என்பவர்களில் பலர் அதைக் காதின் வாசலிலேயே நிறுத்திவிட்டவர்கள். விரல்களுக்கிடையே சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சி போல உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்தால் காதுக் குழாய் நேராகும். அப்போது செருகி, நுரை விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரு உள்ளங்கைகளையும் காதின் மேல் பொத்துங்கள். பொத்தும்போது சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் பிளக் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சின்னக் காதுக்குழாய் உள்ளவர்கள் 'ஸ்மால்' அளவைத் தேட வேண்டும். பெரிதைத் திணித்தால் ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும். விமானம் இறங்கத் தொடங்கும்போது மெதுவாகத் திருகி எடுத்துவிடுங்கள். காதை இறுக்கி அடைத்திருந்தால் காற்றழுத்தம் சமமாவது தடைப்படும். நான்கைந்து முறைக்குப் பிறகு நுரை மெல்ல விரியும் குணத்தை இழக்கும், அதோடு தூக்கிப் போட வேண்டியதுதான். கழுவிப் பயன்படுத்தும் சிக்கனம் காதில் புண்ணாக முடியும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இதற்கு மாற்றா என்றால், பாதி மாற்று. 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் இரைச்சலைப் பொறுக்காமல், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் இதன் கணக்கைப் போட ஆரம்பித்தார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. விமான எஞ்சினின் அடிநாதம் போன்ற தாழ்ந்த, மாறாத ஓசையை அது அருமையாக விழுங்கும். குழந்தையின் அழுகையையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் அந்த அளவுக்கு விழுங்காது. காதை மூடும் மாடல் 250 கிராம், அதைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் சாயவும் முடியாது. நுரைப் பிளக்கைச் செருகி அதன் மேல் ஹெட்போனை மாட்டிக்கொள்வதே கிடைப்பதில் சிறந்த அமைதி.

கண் மாஸ்க்குக்கு இரண்டாமிடம். 20 முதல் 60 கிராம். வெளிச்சம், தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்குவதால் இருட்டு என்பது வெறும் சொகுசு அல்ல. தட்டையான துணி மாஸ்க்குகளில் கோளாறு எப்போதும் ஒரே இடத்தில்தான்: மூக்கின் இரு பக்கமும். மூக்குப் பாலத்தின் மேல் மடிந்து உட்காரும் ஒரு துணி மடல் இருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் கீழிருந்து வெளிச்சம் கசியும். கண்ணுக்குக் குழிவு விட்டுத் தைத்தவை இமையை அழுத்தாது. மான்டா போன்றவற்றில் கண் கிண்ணங்களைக் கழற்றி அவரவர் கண் இடைவெளிக்கு நகர்த்திக்கொள்ளலாம். பக்கவாட்டில் படுப்பவர்களுக்கு இந்தக் கிண்ணத்தின் விளிம்பு கன்னப்பொட்டில் உறுத்தும், அவர்களுக்குத் தட்டையானதே மேல். பட்டியில் வெல்க்ரோ இருந்தால் முடியைப் பிடுங்கும். நழுவிச் சரிசெய்யும் பக்கிள் தேவலை.

இனி கழுத்துத் தலையணை. கழுத்தைக் காப்பாற்ற வாங்கிக் கழுத்தறுப்பாக முடிகிற சாமான் இதுபோல வேறில்லை. குதிரை லாட வடிவத் தலையணைகளில் பலவற்றுக்குப் பின்பகுதிதான் தடிமன் அதிகம். இருக்கைக்கும் பிடரிக்கும் நடுவே அது புகுந்து தலையை முன்னால் தள்ளும். தூக்கத்தில் தசை தளர்ந்ததும் தாடை நெஞ்சில் விழும், விழித்துக்கொள்வோம். தலையணையின் திறந்த பக்கம் முன்னால் இருப்பதால் அந்த விழுதலைத் தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. வாங்குவதற்கு முன் பின்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள்: மூன்று செ.மீ.க்கு மேல் நின்றால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அப்படியே திருப்பி, திறப்பைப் பிடரிப் பக்கம் வைத்து மாட்டிப் பார்க்கலாம். பாதிப் பேருடைய குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

நிரப்பியிருப்பது என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. மெமரி ஃபோம், 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் விமான இருக்கை மெத்தைக்கென்று உருவாக்கியது. வந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உடல் சூட்டில் இளகி உருவத்துக்கு ஏற்ப அமையும், குளிரில் விறைக்கும். ஆகவே குளிர்ந்த இடத்தில் பையிலிருந்து எடுத்தவுடன் கல் போல இருந்தால் மோசம் போனதாக நினைக்க வேண்டாம், பத்து நிமிடம் கழுத்தில் கிடக்கட்டும். எடை 300 முதல் 400 கிராம். உருட்டி உறையில் திணித்தால் பாதிக்கும் கீழே சுருங்கும், ஆனால் வாரக்கணக்கில் சுருக்கியே வைத்திருந்தால் பழைய உயரம் முழுதாகத் திரும்பாது. கபோ எவல்யூஷன் வகையில் இருக்கையின் தலைச்சாய்வில் மாட்டும் பட்டிகள் உண்டு. தலை பக்கத்துக்குப் பக்கம் உருளுவதை அவை உண்மையிலேயே குறைக்கின்றன.

ஊதும் தலையணை 100 கிராமுக்குள் அடங்கும், மடித்தால் சட்டைப் பையளவுதான். அதைக் குறை சொல்பவர்கள் முக்கால்வாசிப் பேர் முழுக்க ஊதியவர்கள். விமான நிலையத்திலேயே ஊதிக்கொண்டு ஏறாதீர்கள். பறக்கும்போது கேபின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். மேல் வரம்பில் தரையழுத்தத்தில் முக்கால் பங்குதான். தரையில் அடைத்த காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும், தலையணை பந்தாக விறைக்கும், ஒட்டு விட்டுப்போவதும் அப்போதுதான். மேலே போன பிறகு முக்கால் அளவு ஊதுங்கள். இறங்கும்போது அது தொய்ந்தால் ஓட்டை என்று பயப்பட வேண்டாம். பி.வி.சி. ஷீட்டில் செய்தவை புதிதில் நாறும், மடிப்பில் வெடிக்கும். டி.பி.யூ. என்ற நெகிழும் பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி நீடிக்கும். மெய்யாகவே கசிந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி எங்கே வருகிறதென்று பாருங்கள்: ஷீட்டில் என்றால் ஒட்டுப் போடலாம், வால்வின் அடியில் என்றால் புதிது வாங்குவதுதான் வழி.

டர்ட்டில் என்ற பிராண்டு விற்பது போன்ற சால்வை வகை ஒன்று இருக்கிறது. கம்பளித் துணிக்குள் நெகிழும் ஒரு சட்டம். அதைத் தோளில் ஊன்றிக் கழுத்தைச் சுற்றி வெல்க்ரோவால் இறுக்க வேண்டும். எடை 150 கிராம் அளவுதான், பின்பக்கம் வெறும் துணி என்பதால் தலையைத் தள்ளாது. ஒரு பக்கம் சாய்ந்து தூங்குபவர்களுக்கு எங்கள் தேர்வு இதுவே. சட்டம் தாடை எலும்புக்குக் கீழே வரவேண்டும். காதுக்கு நேராக வந்தால் தப்பாகச் சுற்றியிருக்கிறீர்கள். வெப்பமான பேருந்தில் கழுத்து வேர்க்கும் என்பது அதன் குறை.

காலுக்கு வருவோம். பாதம் சூடாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கும், ஒரு தடித்த சாக்ஸ் போதும். காலை இறுக்கிப் பிடித்து ரத்த ஓட்டத்துக்கு உதவும் அழுத்தச் சாக்ஸ் வேறு சமாச்சாரம். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அந்த இரட்டித்த ஆபத்தும் 6,000-இல் ஒருவருக்கு என்ற அளவுதான். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொண்டதை, காலையில் கால் வீங்கும் முன் கணுக்காலின் மெலிந்த இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளந்து வாங்க வேண்டும். செருப்பு அளவைச் சொல்லி வாங்குவது தவறு. மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், அந்தச் சுருள் கயிறு போல இறுக்கும். காலில் ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

முன் இருக்கையின் மேசையில் மாட்டும் கால் ஊஞ்சலுக்கு நாங்கள் மதிப்பெண் தரவில்லை. அதைத் தடை செய்திருக்கும் விமான நிறுவனங்கள் உண்டு, முன்னால் இருப்பவருடைய தூக்கத்தையும் அது கெடுக்கும்.

பைக்குள் போகும் சாமான்

பேக்கிங் கியூப், அதாவது பெட்டிக்குள் உடைகளைப் பிரித்து அடுக்கும் ஜிப் பை, வாங்குபவர்கள் அடிக்கடி மறப்பது இதை: அழுத்தினால் இடம் மிஞ்சும், எடை மிஞ்சாது. மூன்று அழுத்தக் கியூபுகள் தம் பங்குக்கு 350 கிராமாவது சேர்க்கும். 7 கிலோவில் அது 5 சதவீதம். மிஞ்சிய இடத்தில் இன்னும் நான்கு சட்டை வைக்கத் தோன்றும், கவுண்டரில் மாட்டிக்கொள்வோம். எடை வரம்பு கறாராக இருக்கும் பயணத்துக்கு வலைத்துணிச் சாதாரணக் கியூப் போதும். செக்-இன் பைக்கு 23 கிலோ இருக்கும்போது, இடம்தான் நெருக்கடி என்றால், அழுத்தக் கியூப்.

அழுத்தக் கியூபில் உடைவது எப்போதும், மூடிய பின் கியூபைச் சுருக்குவதற்கென்று இருக்கும் இரண்டாவது ஜிப்தான். காரணம் ஜிப் அல்ல, அதை இழுத்தே துணியை அழுத்தப் பார்ப்பது. உடைகளைச் சுருட்டாமல் கியூபின் அகலத்துக்குத் தட்டையாக மடித்து, முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். முதல் ஜிப்பை மூடி, முழங்காலை மேலே ஊன்றிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஒரு கை துணியை உள்ளே தள்ளிக்கொண்டே முன்னால் போக, மறு கை ஜிப்பை அதன் பின்னால் நகர்த்த வேண்டும், மூலைகளில் இன்னும் மெதுவாக. நகர்த்திய பின் பற்கள் பிரிந்துவிட்டால் இழுத்துப் போராடாமல் ஸ்லைடரைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய் மறுபடி மூடுங்கள். சுருட்டி அடைத்த கியூப் பீப்பாய் மாதிரி உப்பும். இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே பையில் வீணாகும் இடம், அழுத்தி மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இருக்கும். வாங்கும்போது அழுத்தும் ஜிப்பின் எண்ணைக் கேளுங்கள். 3-ஆம் எண் மெல்லியது, 5-ஆம் எண் தாங்கும்.

கையால் உருட்டிக் காற்றை நீக்கும் பிளாஸ்டிக் பை பருமனான குளிர் ஜாக்கெட்டுக்கு மட்டும் சரி. மூடும் வாயில் ஒரு நூல் இழை சிக்கினாலும் இரவோடு இரவாகக் காற்று ஏறிவிடும். ஈரத் துணியை அதில் அடைத்தால் பூஞ்சை நாற்றம் நிச்சயம்.

திரவங்களுக்கு 2006-லிருந்து பல நாடுகளில் ஒரே விதி: ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கும் ஒளிபுகும் பைக்குள். 200 மில்லி குப்பியில் கால்வாசி மட்டும் இருந்தாலும் தடைதான், பார்ப்பது குப்பியின் கொள்ளளவை. குப்பியை முழுக்க நிரப்பாமல், மேல்பாகத்தை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால் பறக்கும்போது பிதுங்காது. மூடிக்கு அடியில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைப்பது பழைய உபாயம், இன்னும் பலிக்கிறது. சிலிக்கான் குப்பியில் டைமெத்திகோன் என்ற சிலிக்கான் எண்ணெய் கலந்த கிரீமை வைக்காதீர்கள், குப்பி உப்பிப் பிசுபிசுக்கும்.

பவர் பேங்க் செக்-இன் பையில் போகக் கூடாது, கையோடுதான். 100 வாட்-ஹவர் வரை அனுமதி தேவையில்லை. 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கணக்கு எளிது: மில்லி-ஆம்பியர்-ஹவர் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74. உறையில் எழுத்து அழிந்திருந்தால் இந்தக் கணக்கைச் சோதனையில் யாரும் கேட்க மாட்டார்கள், பறிமுதல்தான். அச்சு தெளிவாக இருப்பதை வாங்குங்கள். 2025-லிருந்து பறக்கும்போது பயன்படுத்தவே தடை போட்ட நிறுவனங்களும் உண்டு.

கடைசியாக, பையை மாட்டித் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு. 100 கிராம்தான், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் அது வேலைக்கு ஆவது திரும்பி வரும்போதுதான். புதிதாக வாங்கியதும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பட்டியில் கட்டித் தூக்கிப் பாருங்கள், பாட்டிலோடு சேர்த்து 2 கிலோவுக்குச் சற்றே மேலே காட்ட வேண்டும். பையைத் தூக்கும்போது கை ஆடினால் எண்ணும் ஆடும். இரண்டு கையாலும் தூக்கி, எண் நின்று சிமிட்டும்வரை பொறுத்திருங்கள். பேட்டரி இறங்கினால் சில தராசுகள் எச்சரிக்காமலேயே எடையைக் குறைத்துக் காட்டும், அதனால் வரம்புக்கு அரைக் கிலோ கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.