அபாகஸ் வகுப்பா, வீட்டு மனக்கணக்கா?

மூத்தவளை ஒன்றரை வருடம், மணிச்சட்டத்தில் கணக்குப் போடப் பழக்கும் அபாகஸ் வகுப்புக்கு அனுப்பினோம். இளையவனுக்கு வகுப்பே இல்லை. கல்லடிப் பாலத்தால் பள்ளிக்கூடம் போய்வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு என்னோடு போட்ட மனக்கணக்குதான். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

கட்டணம், சனிக்கிழமை அலைச்சல் எல்லாம் தெரிந்த கதை. வேகத்தில் அபாகஸை வெல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டிலக்க எண்கள் பத்தை நான் வாசித்து முடிக்க, மகள் விடையைச் சொல்லிவிடுவாள். சட்டத்தின் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்துக்கு ஒரு மணி, கீழே ஒன்றுக்கொன்றாக நான்கு மணி. 4 உடன் 3 ஐக் கூட்டக் கீழே மணி போதாதென்றால் ஐந்தை இறக்கி இரண்டைத் தள்ள வேண்டும். கொஞ்ச நாளில் சட்டம் தேவையில்லை, மேசையில் விரல் தட்டினால் போதும்.

சிக்கல் அதைப் பேணுவதில். தினமும் கால் மணி நேரமாவது தட்ட வேண்டும். புலமைப்பரிசில் ரியூசன் தொடங்கியதும் அது நின்றது. ஆறேழு மாதம் கழித்துக் கேட்டேன். விரல் அசைந்தது, விடை வரவில்லை. மனதிலிருந்த மணிகள் கலைந்துவிட்டன. திரும்பப் பிடிப்பதென்றால் பழைய கொப்பியை எடுத்து முதலிலிருந்து போட வேண்டும்.

மகனும் மறக்கிறவன்தான். 35 ஐ 35 ஆல் பெருக்கும்போது, கடைசியில் 25 வரும் என்ற குறுக்குவழி நினைவிருந்தும், முன்னாலுள்ள 3 ஐ எதனால் பெருக்குவது, மூன்றாலா நான்காலா என்று ஒருநாள் முழித்தான். பிறகு தானாகவே 15 க்கு இறங்கினான். 15 தரம் 15 என்றால் 225 என்று அவனுக்குத் தெரியும். 25 க்கு முன்னால் 2 இருக்கிறதென்றால் 1 ஐ 2 ஆல் பெருக்கியிருக்கிறோம்; அப்படியானால் இங்கே மூன்று நாலு பன்னிரண்டு, 1225. மறந்ததைச் சின்னக் கணக்கொன்றை வைத்து மீட்டுவிட்டான். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

சந்தையில் கீரி மீன் கிலோ 680 ரூபாய். முக்கால் கிலோ வாங்கி ஆயிரத்தைக் கொடுத்தேன். “மிச்சம் எவ்வளவு மனே?” என்று மீன்காரம்மா இவனைக் கேட்டார். பாதி 340, அதில் பாதி 170, கூட்டினால் 510. “நானூற்றித் தொண்ணூறு.” கூட வந்த மகள் அப்போதுதான் விரலை எடுத்தாள்.

காரணம் சொல்லாமல் குறுக்குவழியை மட்டும் ஊட்டினால் இதிலும் வம்பு உண்டு. 11 ஆல் பெருக்க இரண்டு இலக்கங்களுக்கும் நடுவில் அவற்றின் கூட்டுத்தொகையை வை என்று மட்டும் சொல்லியிருந்தேன். 78 க்கு 7158 என்று எழுதி வைத்தான். பதினைந்தில் ஒன்றை 7 உடன் சேர்த்து 858 என்று பிறகுதான் திருத்தினோம்.

அபாகஸை இறுதி நிலைவரை படித்த பிள்ளையை நான் கிட்ட இருந்து பார்த்ததில்லை. அவர்களுக்கு அது நிலைக்கலாம். இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை.

எண் புதிர்கள் பயணத்துக்கு நல்லவை, அவ்வளவுதான். உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகையில் 1089 புதிரைச் சொன்னேன். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறான மூன்றிலக்க எண்ணைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, விடையையும் திருப்பிக் கூட்டினால் 1089. வாழைச்சேனை வருவதற்குள் மகள் 443 ஐப் போட்டுப் பிழை பிடித்தாள்: கழித்தால் 99, கூட்டினால் 198. தம்பிக்காரன் எட்டிப் பார்த்து, “அதை 099 என்று எழுது அக்கா” என்றான்.