பாதம் ஊன்றும் இடம்: வீட்டுப் பவளத் தொட்டிக்கு எந்தக் கடல் சாமந்தி?

கடையில் கடல் சாமந்தியை, அதாவது பூப்போல் தோன்றும் சீ அனிமோன் என்ற கடல் விலங்கைப் பார்ப்பவர் முதலில் நிறத்தில் மயங்குகிறார், அடுத்து விலையை விசாரிக்கிறார். அது தன் பாதத்தை எங்கே ஊன்றும், ஊன்றிய இடத்தில் நிலைத்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பவளத்தை எங்கே ஒட்டவைத்தோமோ அங்கேதான் வளரும். கடல் சாமந்தி அப்படியல்ல. பிடிக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடும், வழியில் தொட்ட பவளங்களையெல்லாம் கொட்டிப் புண்ணாக்கும். நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரின் விசிறியில் சிக்கினால் அது மட்டும் சாகாது. நொறுங்கிய உடலிலிருந்து கலக்கும் கொட்டும் செல்களும் அழுகலும் சேர்ந்து மறுநாள் காலைக்குள் தொட்டியையே காலி செய்துவிடக்கூடும். ஆகவே இந்த ஒப்பீட்டில் அழகுக்கு நான் மதிப்பெண் போடப்போவதில்லை.

இயற்கையில் கோமாளி மீன்களுக்கு வீடாக இருப்பவை 10 இனக் கடல் சாமந்திகள். அவற்றில் கடைகளில் அதிகம் விற்பது பபிள் டிப், அதிகம் ஆசைப்பட வைப்பது மேக்னிஃபிசன்ட். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

பபிள் டிப் இடுக்கு தேடும் உயிர். பாறைப் பிளவுக்குள் பாதத்தைச் செருகிக்கொண்டு உணரிழைகளை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டும். ஆழமான, கீழே இருளும் மேலே வெளிச்சமும் உள்ள ஒரு பிளவு கிடைத்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆபத்து தெரிந்தால் முழு உடலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். விரிந்தால் 30 சென்டிமீட்டர் வரை பரவும். பெயருக்குக் காரணமான நுனிக் குமிழ்கள் சில தொட்டிகளில் மறைந்து இழைகள் நீண்டுவிடுவதுண்டு. வெளிச்சம் போதவில்லை என்பார் ஒருவர், கோமாளி மீன் இல்லாததால் என்பார் மற்றவர். உறுதியான விடை யாரிடமும் இல்லை. நிறமும் ஒட்டும் தன்மையும் குறையாதவரை குமிழ் போனதற்காக வருந்த வேண்டியதில்லை.

அதன் பெரிய பலம் தானே பிளந்து பெருகுவது. பாதத்தின் ஒரு பாதி பாறையின் இந்தப் பக்கம் நகரும், மறுபாதி அந்தப் பக்கம் இழுக்கும். நடுவில் உடல் மெலிந்து இழுபட்டு, கடைசியில் கிழிந்தே போகும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது சாகிறது என்றே தோன்றும். கிழிந்த ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு மூடிக்கொள்ளும். சில நாட்களில் ஒவ்வொரு பாதியும் முழு வட்டமாகி, வாயும் நடுவுக்கு வந்துவிடும். இதனால் கடலிலிருந்து எடுத்ததை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து ஊரில் தொட்டி வைத்திருப்பவரிடம் பிளந்த பாதியைக் கேட்டு வாங்கலாம். எல்.இ.டி. வெளிச்சத்துக்கும் செயற்கை உப்புநீருக்கும் ஏற்கெனவே பழகிய உயிர் அது.

மேக்னிஃபிசன்ட் இதற்கு நேர் எதிர். பவளத்திட்டின் உச்சியில், மறைவே இல்லாத இடத்தில், வெயிலும் நீரோட்டமும் மாறி மாறி அறையும் பாறைமேல் அமர்வது அதன் குணம். ஊதா அல்லது சிவப்பு நிற உடல் தெரிய, இழைகள் ஒரே பக்கம் சாய்ந்து ஆடும்போது அதற்கு ஈடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மீட்டர் அகலம் வரை வளரும் அந்த உயிர் வீட்டுத் தொட்டியில் தேடுவது, தொட்டியிலேயே மிக உயரமான, நீர் மிக வேகமாக ஓடும் இடம். அதாவது கண்ணாடிச் சுவரின் மேல் விளிம்பு, வேவ்மேக்கருக்குப் பக்கத்தில். பெட்டியில் அடைபட்டு வரும் பயணத்தையும் அது எளிதில் தாங்குவதில்லை. ஒசெல்லாரிஸ் எனப்படும் ஆரஞ்சு-வெள்ளைக் கோமாளிக்கு இயற்கையான வீடு இதுதானே என்று வாதிடுவோர் உண்டு. சரிதான், பபிள் டிப் அந்த மீனின் இயற்கை வீடுகளில் சேராது. ஆனால் தொட்டியில் பெரும்பாலான ஒசெல்லாரிஸ்கள் பபிள் டிப்பை ஏற்றுக்கொள்கின்றன. மேக்னிஃபிசன்ட்டைக் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

மீனின் ஆசையையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். இன்று விற்கும் கோமாளி மீன்களில் பல பண்ணையில் பிறந்தவை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து சாமந்தியையே காணாத மீன் அதைப் பல வாரம் சீண்டாமல் இருக்கலாம், அல்லது வேவ்மேக்கரின் ஒயரோடு குடித்தனம் நடத்தலாம். சாமந்தி இல்லாத தொட்டியிலும் கோமாளி முட்டையிடும். மீனுக்காக வாங்குகிறேன் என்பது பெரும்பாலும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சாக்கு.

அடுத்தது கம்பளச் சாமந்தி. ஹட்டோனி என்ற இனம் மணலில் பாதத்தைப் புதைத்து, தட்டையாக விரிந்து கிடக்கும். இழைகள் குட்டையானவை, ஆனால் பிடி பயங்கரம். விரலால் தொட்டால் ஒட்டுநாடாபோல் பற்றும், இழுத்தால் இழை அறுந்து கையோடு வரும். மணலில் திரியும் கோபி, ராஸ் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதும் இங்கேதான். ஆனாலும் மேக்னிஃபிசன்ட்டைவிட இதை நான் மேலாகவே வைப்பேன். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத மணலும், சுற்றிலும் வெற்றிடமும் கொடுத்தால் இது பாறைமேல் ஏறிப் பவளங்களை அழிப்பது குறைவு. ஒரே உயிருக்காகத் தொட்டியையே வடிவமைக்கத் தயாராக இருப்பவருக்கு ஹட்டோனி பொருந்தும். அதே குடும்பத்தின் கிகான்டியா வேண்டாம். பெரும்பாலும் நோயோடு வந்து சேரும், சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பழகியவர்களுக்கே கட்டுப்படும்.

சிறிய தொட்டிக்காரருக்குக் கரீபியன் கடலின் ராக் ஃபிளவர் போதும். உள்ளங்கை அளவுதான், எளிதில் நகராது, பல நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கோமாளி மீன் மட்டும் அதில் குடியேறாது.

சாமந்தியே வேண்டாம், கோமாளி எதிலாவது சுருண்டு படுத்தால் போதும் என்பவருக்கு டோட்ஸ்டூல் என்ற மென்பவளம் பாதி விலையில் முக்கால் சந்தோஷம் தரும். டார்ச் போன்ற கல் பவளங்களும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் நம் கடலின் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் நீர் ஒன்றுதான்: 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026, குறைந்த நைட்ரேட், தொட்டிக்குக் குறைந்தது ஆறு மாத வயது. நமக்கு இதில் கடினமானது முதல் எண். சென்னையின் மே மாதத்தில் மூடிய அறையில் தொட்டிநீர் 31 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமல்ல. அந்த வெப்பம் நீடித்தால் சாமந்தி தன் உடலுக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். மேலே மின்விசிறி வைத்து ஆற்றுவது வறண்ட ஊர்களில் நன்றாகவே பலிக்கும். கடலோரப் புழுக்கத்தில் நீர் ஆவியாவதே குறைவு, குளிர்வதும் குறைவு. தொட்டிநீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க மனமில்லையென்றால் கரையோர ஊர்களில் சாமந்தி ஆசையைத் தள்ளிவைப்பதே நல்லது. மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

வாங்கும்போது வாயைப் பாருங்கள். இறுக மூடியிருக்க வேண்டும், பிளந்து தொங்கக்கூடாது. பாதத்தில் கிழிசல் இருக்கக்கூடாது. பால் வெள்ளையாக இருப்பது அபூர்வ வகை அல்ல, பாசியை இழந்து பட்டினி கிடப்பது. கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சள் பெரும்பாலும் வெளுத்ததன்மேல் ஏற்றிய சாயம். சரியாகப் பார்த்துக்கொண்டால் இவை சில மாத உயிர்கள் அல்ல. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் 1828இல் எடுத்து வளர்த்த ஒரு கடல் சாமந்தி, அவருக்குப் பின் பல கைகள் மாறி 1887 வரை கண்ணாடி ஜாடியில் வாழ்ந்தது. அது குளிர்கடல் இனம், வெறும் கடல்நீரை மாற்றியே வளர்த்தார்கள்.

முடிவாகப் பபிள் டிப்பைத் தேர்ந்தெடுத்தவர், பவளங்களுக்கு முன்னால் அதைத் தொட்டியில் இறக்க வேண்டும். வேவ்மேக்கரை ஸ்பாஞ்ச் உறையால் மூடிவிட்டு, அது தானே இடம் பிடித்து இரண்டு மூன்று வாரம் நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் விரிந்த இழைகளின் எல்லையைத் தாண்டி ஒரு சாண் இடம் விட்டுப் பவளங்களை வையுங்கள். வாரம் ஒருமுறை விரல்நகம் அளவு இறால் துண்டு போதும். பெரிய துண்டு கொடுத்தால் இரவில் அப்படியே கக்கிவிடும். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் பிய்த்து எடுக்காதீர்கள். பாறையோடு தூக்கி, பாதம் ஒட்டியிருக்கும் இடத்தின் பின்பக்கம் பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தால் தானாகவே பிடியைத் தளர்த்தும்.