எச்-1பியா, ஆஸ்திரேலிய 482-ஆ: உள்ளூர்ச் சம்பளத்தைக் காப்பது எது?

வெளிநாட்டுப் பணியாளர்கள் வந்தால் உள்ளூர்க்காரர்களின் வேலை பறிபோகும் என்கிறது ஒரு தரப்பு. அவர்கள் வந்தால்தான் தொழில் வளர்ந்து வேலை பெருகும் என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்புக்கும் துணைநிற்கும் ஆய்வுகள் உண்டு. என்னைக் கேட்டால், வந்தவரால் பிடிக்காத முதலாளியை விட்டு விலக முடிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விலக முடியாதவர் குறைந்த சம்பளத்தைச் சகித்துக்கொள்வார். அது பக்கத்து இருக்கையில் இருக்கும் உள்ளூர்க்காரரின் சம்பளத்தையும் கீழே இழுக்கும்.

திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அமெரிக்காவின் எச்-1பி விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. சம்பள விதியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே வேலை செய்யும் நூறு பேரைச் சம்பள வரிசைப்படி கீழிருந்து நிறுத்தினால், 17-ஆவது ஆள் வாங்குவதுதான் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தின் முதல் நிலை. இரண்டாம் நிலை 34-ஆவது ஆளுடையது. நடுவில் நிற்பவரைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் சட்டப்படி சரி! எச்-1பி ஆட்களை அதிகம் நம்பியிருக்கும் நிறுவனங்கள்தான் முதலில் உள்ளூரில் ஆள் தேட வேண்டும். அவையும் 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால் தப்பிக்கலாம். 1998-இல் வைத்த அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை.

இதன் விளைவை ஃபுளோரிடாவின் டிஸ்னி நிறுவனத்தில் பார்த்தோம். 2014 இறுதியில் சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்களுக்கு வேலைநீக்க அறிவிப்பு வந்தது. வெளியேறுவதற்கு முன், ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தவர்களுக்குத் தங்கள் வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அவமானத்தை வந்தவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். வேலை போனால் அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். எச்-1பியில் நிறுவனம் மாறலாம்தான். ஆனால் கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இந்தியர், இடையில் மாறினால் பெரும்பாலும் புது நிறுவனம் கிரீன் கார்டு வேலைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சம்பள உயர்வு கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆஸ்திரேலியாவும் இதே தவற்றைச் செய்தது. முதலாளி பொறுப்பேற்று அழைக்கும் விசாவுக்கான (இன்று அதன் எண் 482) குறைந்தபட்ச வருமானம் 2013 முதல் பத்தாண்டுகள் 53,900 ஆஸ்திரேலிய டாலரிலேயே உறைந்துகிடந்தது. 2023 ஜூலையில் அதை 70,000 ஆக்கினார்கள். பிறகு ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் சந்தைச் சம்பளத்தையே இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு முதலில் நான்கு வாரம் உள்ளூரில் விளம்பரம் செய்ய வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது 2024 ஜூலையில் வந்த மாற்றம். வேலையை விட்டவருக்கு 60 நாளாக இருந்த அவகாசம் 180 நாளானது. அந்தக் காலத்தில் வேறிடத்தில் வேலையும் செய்யலாம். அதே ஆண்டு டிசம்பர் முதல், அங்கீகாரம் பெற்ற எந்த முதலாளியிடம் உழைத்த காலமும் நிரந்தர வசிப்புரிமைக்கான இரண்டு ஆண்டுக் கணக்கில் சேர்கிறது. ஏய்க்கும் முதலாளிகள் இன்னமும் இருப்பார்கள். ஆனால் அவர்களிடமிருந்து வெளியேற வழி இருக்கிறது.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி இன்னும் ஒரு படி மேலே போய், மதிப்பெண் பார்த்து நிரந்தர வசிப்புரிமையையே கொடுத்துவிடுகிறது. கட்டிப்போட முதலாளியே இல்லை. ஆனால் மருத்துவம் போன்ற துறைகளில் உரிமம் பெறும் பாடு தனி.

2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் அந்த வேலையைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ நகர்த்திவிடும். கிராமப்புற மருத்துவமனையால் அப்படி நகர்த்த முடியாது. ஏற்கெனவே எச்-1பியில் அமெரிக்காவில் வேலை செய்பவரின் 60 நாள் அவகாசம் ஒரு நாள்கூடக் கூடவில்லை. 17-ஆவது ஆளின் சம்பளக் கணக்கையும் அந்தக் கட்டணம் தொடவில்லை.