டாரஸா, டிரெய்லரா? நாலு தெருவில் சரக்கு இறக்குகிறவனின் கணக்கு

போன தையில் பழைய பாடி லாரியை (சுற்றிலும் தடுப்பு வைத்தது) விற்றுவிட்டு வேறு வண்டி தேடினேன். சென்னையில் மாதவரத்திலும் மணலியிலும் ஒரு மாதம் அலைந்த பிறகு இரண்டு மிஞ்சின. ஒன்று, பக்கத் தடுப்பே இல்லாமல் தட்டையாக மேடை மட்டும் போட்ட 10 சக்கர லாரி, எங்கள் பேச்சில் டாரஸ். மற்றொன்று, தனி எஞ்சின் வண்டி இழுக்கிற 40 அடி டிரெய்லர். வாங்கியது டாரஸ். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

என் பிழைப்பு ஒரே சரக்கு, ஒரே ஊர் என்று ஓடுவதில்லை. மணலிப் பட்டறையில் வெல்டிங் முடிந்த இரும்புச் சட்டங்கள், கூடவே ஒரு ஜெனரேட்டர், காசிமேட்டுக்குப் போகிற விசைப்படகு எஞ்சின், யாரோ ஒருவருடைய இரும்பு மாடிப்படி. நாலு பார்ட்டி, நாலு தெரு.

டிரெய்லர் அதிகம் சுமக்கும், டாரஸ் சந்தில் திரும்பும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். 2018இல் ஆக்ஸில் (அச்சு) ஒன்றுக்கான எடை வரம்பை உயர்த்தியதிலிருந்து 10 சக்கர வண்டி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம், முன்பு 25தான். என் சரக்குக்கு டன் நிறைவதற்குள் இடம் நிறைந்துவிடும். ஆகவே எடையை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது, ஒவ்வொரு இடத்திலும் நின்று இறக்கக் கரைகிற நேரம். முன்பு இரண்டு வருடம் இன்னொருவருடைய டிரெய்லர் ஓட்டினேன். தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனை. எஞ்சின் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 50 அடிக்கு மேல் வரும், உள்ளே நுழைய வழியில்லை. முனையிலேயே நிறுத்தி, குட்டி யானையை வரவழைத்து, சட்டங்களை அதில் மாற்றி அனுப்பினோம். ஒரே சரக்குக்கு இரண்டு தடவை ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவே இல்லை. பார்ட்டியோ "வாசல் வரைக்கும்னுதானே பேசினோம்" என்று வாடகையில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு இறக்க வேண்டியது நாலு இடம், இறக்கியது இரண்டு. மீதி இரண்டு பார்ட்டியின் போன் இரவு பத்து மணி வரை ஓயவில்லை.

டாரஸில் அதே தெருவுக்குள் ரிவர்ஸிலேயே போய்விடுகிறேன். தாழ்ந்து தொங்கும் கேபிள் ஒயரை கிளீனர் தம்பி மூங்கில் கழியால் தூக்கிப் பிடிப்பான், அவ்வளவுதான். தடுப்பு இல்லாததால் ஹைட்ரா கிரேன் எந்தப் பக்கத்திலிருந்தும் தூக்கலாம். பாடி லாரி என்றால் பின்கதவு வழியாக வர வேண்டும், இல்லாவிட்டால் தடுப்புக்கு மேலே தூக்க வேண்டும். கடைசியில் இறக்க வேண்டியது கதவை அடைத்துக்கொண்டு நின்றால் தீர்ந்தது கதை.

ஏற்றும்போதே இறக்குகிற வரிசையை யோசிக்க வேண்டும். ஜெனரேட்டரைப் பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் நடுவில் வைத்து, அடியில் கட்டை போட்டு, நாலு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி. கடைசியில் இறங்குவது அது. லேசானவை சுற்றிலும், ஒவ்வொன்றுக்கும் தனி பெல்ட். ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று அசையக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டினால் ஒவ்வொரு இடத்திலும் முழுக்க அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். கனமானதைக் கடைக்கோடியில் வைத்துவிட்டு முன்னால் இருப்பதை இறக்கினால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் காற்றாட ஆரம்பித்துவிடும். டிரெய்லரில் அது வேறு மாதிரி வரும்: முன்பக்கச் சரக்கு போய்விட்டால் எஞ்சின் வண்டியின் பின்சக்கரத்துக்கு அழுத்தம் குறையும். எண்ணூர் விரைவுச்சாலையில் ஈர மணலில் அப்படி ஒருமுறை சக்கரம் வழுக்கியது, இன்றும் நினைத்தால் வயிறு கலங்கும்.

டயர் பத்தா பதினெட்டா என்பதை விளக்கவே வேண்டாம். விற்கும்போதும் டாரஸுக்கு ஆள் அதிகம், மேடையைக் கழற்றிவிட்டு டிப்பரோ தண்ணீர் டேங்கரோ கட்டிக்கொள்வார்கள். இது அக்கம்பக்கத்தில் பார்த்தது. என் வண்டியை நான் இன்னும் விற்றதில்லை.

ஒரு விஷயத்தில் டாரஸ் தோற்கும், அது நீளம். கட்டுமானக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 40 அடி டிரெய்லரில் அப்படியே படுக்கும், டாரஸில் மடிக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு போகலாமே என்றால், அதற்கான சலுகையை 2014இல் விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இருட்டில் நீண்டிருக்கும் கம்பி பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, எடுத்தது நியாயம்தான். அனுமதி வாங்கிக் கொண்டுபோகிற ராட்சத சரக்கு, காற்றாலை இறக்கை இதெல்லாம் நான் ஏற்றியதில்லை. அந்த வேலைதான் முக்கியம் என்றால் அதை ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

போன வாரம் பழவேற்காட்டுக்கு 32 அடி ஃபைபர் படகு கொண்டுபோகக் கூப்பிட்டார்கள். என் மேடை 24 அடி. டிரெய்லர் வைத்திருக்கும் நண்பருக்குத் தள்ளிவிட்டேன். கமிஷனோடு ஒரு கிலோ நண்டும் வந்து சேர்ந்தது.