வைஃபை பிரிண்டர் மாட்ட ஆள் கூப்பிடும் மதுரை திருநகர், ஹார்விபட்டி வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

பிரிண்டரை வைஃபையில் சேர்த்துவிட வந்த ஆள், என் வீட்டு ரவுட்டரின் சாவியையும், அதாவது பாஸ்வேர்டையும், பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியவந்தது பல மாதம் கழித்து. போன பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். அதே ஆள் இந்தப் பக்கம் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். பெயரும் நம்பரும் போடவில்லை. வேலை செய்கிற விதத்தைச் சொன்னாலே ஆள் யாரென்று அடையாளம் தெரியும்.

நான் வீட்டிலேயே பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாதிரி வினாத்தாளுக்கெல்லாம் ஜெராக்ஸ் கடையில் போய் நிற்பது கட்டுப்படியாகவில்லை என்று ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினோம். கம்ப்யூட்டரும் ரவுட்டரும் கீழே ஹாலில், டியூஷன் மாடியில். ஒயர் இழுக்க வழியில்லாததால் வைஃபை மாடல். விற்ற கடையில் மாட்டித் தர ஆள் இல்லை, ஒரு சர்வீஸ் ஆளின் நம்பரைக் கொடுத்து அனுப்பினார்கள்.

வந்த தம்பிக்கு நல்ல பேச்சு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, காபி எல்லாம் வேண்டாங்க்கா, வேலைய முடிச்சிருவோம்" என்றார். பிரிண்டரைப் பார்த்தார், கீழே வந்து ரவுட்டரைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார்.

"உங்களுது 5ஜி ரவுட்டருக்கா. இந்தப் பிரிண்டரு 5ஜி புடிக்காது. இதுக்குன்னு தனியா ஒரு பாக்ஸ் மாட்டணும். மாட்டிட்டா அம்புட்டுத்தான், அங்கிட்டு நீங்க திரும்பியே பாக்க வேண்டாம்."

இதில் பாதி நிஜம், அதனால்தான் கேட்க நியாயமாக இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு விற்கிற பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ஆனால் இப்போது பிராட்பேண்டுக்காரர்கள் கொடுக்கிற இரட்டை அலைவரிசை ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் பிரிண்டர் தனக்குத் தெரிந்த 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும். அடம்பிடித்தால் ரவுட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, 2.4-இன் பெயரைப் பிரிண்டருக்குக் காட்டினால் தீர்ந்தது. சுவரையும் தளத்தையும் தாண்டி மாடி வரை நன்றாக எட்டுவதும் 2.4 தான். ரவுட்டரில் போட்டிருக்கும் அந்த 5-க்கும் செல்போன் 5ஜிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

பாக்ஸ் என்று அவர் மாட்டியது ஒரு சாதாரண வைஃபை ரிப்பீட்டர், ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிற பெட்டி. அதற்கு 2,200 ரூபாய், மாட்டுக்கூலி 1,500. பில் கேட்டால் "வாட்ஸ்அப்புல அனுப்புறேங்க்கா" என்றார். இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ரிப்பீட்டர் என்னவோ பிரிண்டருக்குத்தான் என்றாலும், மாடியில் எங்கள் போன்களும் அதையே பிடித்துக்கொண்டு இழுஇழு என்று இழுத்தன. ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர், வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே ரேடியோவில் மாறிமாறிச் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் "செக்யூரிட்டிக்கு" என்று சொல்லி வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றினார். பெயர், அவருடைய கடை போன் நம்பர். பாஸ்வேர்டும் அதே நம்பர்தான். எங்கள் வீட்டுச் செலவில் அவருக்கு விளம்பரம் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டோம். கூடவே "வெளியூர்ல இருந்தும் பிரிண்ட் போடற மாதிரி செட்டிங் போட்டு விட்ருக்கேன், அதுக்குக் காசு வேண்டாங்க்கா" என்று ஒரு உபகாரமும் செய்தார். அந்த உபகாரத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிரிண்டர் வேலை செய்தது. அதை மறுக்கவில்லை. அடுத்த இ.பி. பராமரிப்பு நாள் வரைக்கும் வேலை செய்தது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும், இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. கரண்ட் வந்தபின் கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்தால் "ஆஃப்லைன்" என்றது. மாடியில் பிரிண்டர் விளக்கெல்லாம் எரிந்துகொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. தம்பிக்குப் போன் போட்டேன். "ஐபி எக்ஸ்பைர் ஆயிருக்கும்க்கா. ரினிவல் பண்ணணும், நானூறு ரூபா." வந்தார், கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார், தாள் வந்தது, நானூறு வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் ஒவ்வொரு முறை நீண்ட நேரம் கரண்ட் போய் வந்தாலும் இதே ரினிவல்.

வீட்டுக்குள் இருக்கும் ஐபி முகவரிக்கு அப்படி ஒரு சந்தாவே உலகத்தில் கிடையாது. நடப்பது இதுதான். வீட்டில் உள்ள ஒவ்வொரு போன், டிவி, பிரிண்டருக்கும் ரவுட்டர் ஒரு முகவரியைத் தானாக எடுத்துக் கொடுக்கும், 192.168.1.5 என்பதுபோல. கரண்ட் போய் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும்போது பல ரவுட்டர்கள் பழைய கணக்கை மறந்து, யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு வரிசையாகக் கொடுக்கும். நேற்று 5-இல் இருந்த பிரிண்டர் இன்று 8-இல் இருக்கும். கம்ப்யூட்டரில் பழைய 5-ஐத்தான் அந்தத் தம்பி எழுதி வைத்திருக்கிறார், கம்ப்யூட்டர் அங்கே போய்த் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிவிடுகிறது. நிரந்தரத் தீர்வு ரவுட்டரிலேயே உண்டு: அட்ரஸ் ரிசர்வேஷன். பிரிண்டரின் மேக் அட்ரஸை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, காட்டி இவருக்கு எப்போதும் இந்த முகவரிதான் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், எத்தனை முறை கரண்ட் போனாலும் மாறாது. மேக் அட்ரஸ், இப்போதைய ஐபி இரண்டும் பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரப் பக்கம் என்று ஒரு தாளாக அச்சாகும். எந்தப் பட்டன் என்பது கையேட்டில் இருக்கும். இது அந்தத் தம்பிக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்துதான் செய்யவில்லை. செய்துவிட்டால் நானூறு எங்கிருந்து வரும்?

இதுவரைக்கும் நடந்ததை அநியாயக் கூலி என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். விஷயம் வேறு என்று தெரிந்தது ஹார்விபட்டியில்.

என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மாவைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனில் வாட்ஸ்அப் செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன. நான் டேட்டாவை அணைத்து வைத்திருந்தேனே என்று எடுத்துப் பார்த்தால், வைஃபை இணைந்திருக்கிறது. பெயர் எங்கள் வீட்டுப் பெயர். அதாவது அந்தப் பத்து இலக்க நம்பர். நான் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கவில்லை, எதையும் தொடவில்லை. இரண்டு வீட்டிலும் அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டு என்று இருந்தால் போனுக்கு உங்கள் வீடு, என் வீடு என்ற வித்தியாசம் தெரியாது, தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். "உங்களுக்கும் அந்தத் தம்பிதான் பிரிண்டர் மாட்டுனாராம்மா?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர், பாக்ஸ் கூட மாட்டுனாரே" என்றார்.

அவர் மாட்டிய வீடு அத்தனைக்கும் ஒரே சாவி! அவரிடம் மட்டுமில்லை, அவருடைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் போனிலும் மற்ற எல்லார் வீட்டுச் சாவியும் இருக்கிறது. ஒருவர் வைஃபையில் நுழைந்து வேறொருவர் ஏதாவது தப்புத்தண்டா செய்தால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டும்.

கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்தபோது இதைச் சொன்னேன். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டான். ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கிற, அதன் அடியில் ஒட்டியிருக்கும் அட்மின் பாஸ்வேர்டைப் போட்டான், திறக்கவில்லை. "அத்தை, இந்த ரவுட்டருக்கு ஓனர் நீங்க இல்ல" என்றான். தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது கம்பெனி பாஸ்வேர்டுக்கா, வெளிய குடுக்கக்கூடாது. என்ன செய்யணும்னு சொல்லுங்க, நானே வர்றேன்." எந்தக் கம்பெனி? மாத வாடகை நான் கட்டுகிற இணைப்பு, என் வீட்டில் இருக்கிற ரவுட்டர், இவர் கம்பெனியாம்.

பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குச்சியை விட்டு ரீசெட் பண்ணிவிடலாமா என்று கேட்டதற்கு மருமகன் கையைப் பிடித்துக்கொண்டான். ஃபைபர் இணைப்பில் அப்படிச் செய்தால், நெட் கொடுக்கிறவர்கள் அதில் பதிந்து வைத்திருக்கும் யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, இன்டர்நெட்டே நின்றுபோகலாம். முதலில் அவர்களிடம் போன் பண்ணி அந்த விவரங்களை வாங்கி எழுதி வைத்துக்கொண்டுதான் குச்சியை எடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை. அவன் சும்மா ஒரு யோசனையில் அதே பத்து இலக்க நம்பரைப் போட்டுப் பார்த்தான். திறந்துகொண்டது.

உள்ளே அந்த இலவச உபகாரம் இருந்தது. டி.எம்.இசட் என்று ஒரு அமைப்பு. வெளி இன்டர்நெட்டிலிருந்து யார் வந்து தட்டினாலும் நேராகப் பிரிண்டரிடம் அனுப்பிவிடு என்று அதில் எழுதி வைத்திருந்தார். பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில், வருவதை, யார் எவர் என்று கேட்காமல் அச்சடிக்கக்கூடியவை. 2018 நவம்பரில் ஒருவர் இப்படி இன்டர்நெட்டில் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து, உலகம் முழுக்கச் சுமார் 50,000 பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கு விளம்பரத் தாள் அடித்துவிட்டார். விளம்பரத்தோடு போனது. மையும் தாளும் தீரும் வரை கறுப்புப் பக்கமாக அடிக்கவும் அதே வழி போதும்.

நாங்கள் தப்பித்ததற்குத் தம்பி காரணமில்லை. எங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127 வரை போகிற வகை. அதாவது நெட் கொடுப்பவர்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. அப்படியென்றால் அவர் சொன்ன "வெளியூர்ல இருந்து பிரிண்ட்" எங்கள் வீட்டில் ஒருநாளும் நடந்திருக்கவும் முடியாது. ஆபீஸ் தேவைக்காகத் தனிப் பொது முகவரி வாங்கி வைத்திருப்பவர் வீட்டில் இதையே செய்திருந்தால் கதவு விரியத் திறந்திருக்கும். வெளியூரிலிருந்து நிஜமாகவே பிரிண்ட் வேண்டுமென்றால், பிரிண்டர் கம்பெனிகள் பல தங்கள் ஆப் வழியாகவே அந்த வசதியைத் தருகின்றன, ரவுட்டரில் ஓட்டை போடவே வேண்டாம்.

மருமகன் ரிப்பீட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தான். அட்மின் பாஸ்வேர்டை மாற்றினான், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றினான், டி.எம்.இசட்டை மூடினான். மாடியில் பிரிண்டர் கம்பெனியின் இலவச ஆப்பைப் போனில் போட்டு, அது கேட்ட இடத்தில் புது பாஸ்வேர்டைக் கொடுத்ததும் பிரிண்டர் நேராகக் கீழே உள்ள ரவுட்டரையே பிடித்துக்கொண்டது. அப்புறம் அட்ரஸ் ரிசர்வேஷன். என் அண்ணி கொடுத்தனுப்பிய அதிரசம் டப்பா காலியாவதற்குள் எல்லாம் முடிந்தது. இதற்குள் இ.பி. பராமரிப்பு நாளும் வந்து போய்விட்டது, பிரிண்டர் ஆஃப்லைன் ஆகவில்லை.

தம்பியிடம் ரிப்பீட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா போடுறோம், மறந்து போயி போன் பண்ணுவாங்கல்ல, அதுக்குத்தான் ஒரே பாஸ்வேர்டு" என்றார். பாக்ஸுக்குப் பாதிப் பணம் ஜிபேயில் வந்தது. மீதிக்கு அவரோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை, பரீட்சை நேரம். விட மனசில்லாதவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லையென்றாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் அழிக்காமல் வையுங்கள்.

ஆள் கூப்பிடாமல் கூகுளில் பிரிண்டர் கம்பெனி கஸ்டமர் கேர் என்று தேடி, மேலே விளம்பரமாக வரும் நம்பருக்குப் பேசுவது இதைவிட மோசம். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்லி, வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற மென்பொருளான டிரைவருக்கு எந்தக் கம்பெனியும் காசு கேட்பதில்லை. நம்பர் வேண்டுமென்றால் பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி அட்டையைப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

ஹார்விபட்டி வீட்டிலும் மருமகனே போய் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான். ஆனால் திருநகர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தால் என் போனில் அந்தப் பத்து இலக்கப் பெயர் இன்னும் தெரிகிறது, யார் வீடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் வீட்டு வைஃபைக்கும் ஒரு போன் நம்பர்தான் பெயர் என்றால், இன்றைக்கே அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். முக்கியமாக, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் நெட் கொடுக்கிறவர்களுக்குப் போன் பண்ணுங்கள், மாட்டின ஆளுக்குப் பண்ண வேண்டாம்.