முன்புறத் தோட்டம்: புல்லா, கல்லா, செடியா?

வீட்டு முன்புறம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பச்சைப் பசேலென்ற புல்தரைதான். அழகுதான், மறுப்பில்லை. தண்ணீர்க் கணக்குப் போட்டால்தான் மலைப்பு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். வெயில் காலத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 சதுர மீட்டர் புல்லுக்கு 1,000 லிட்டர். தெளிப்பானிலிருந்து காற்றோடு போவதும் நடைபாதையில் விழுவதும் இதில் சேரவில்லை.

புல்லே வேண்டாமென்று கூழாங்கல்லைக் கொட்டி நிரப்புகிறவர்கள் உண்டு. தண்ணீர் மிச்சம், சரி. ஆனால் பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் மாலையில் சுவர் பக்கம் திருப்பிவிடும். பராமரிப்பே இல்லை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். கல்லிடுக்கில் தூசியும் சருகும் சேர்ந்து மண்ணாகி, அதிலேயே களை முளைக்கும். களையைத் தடுக்கக் கல்லுக்கு அடியில் விரித்த துணியில் வேர் பின்னிக்கொண்டால், பிடுங்கும்போது துணியும் கிழிந்து வரும். (செயற்கைப் புல்லா? உச்சி வெயிலில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.)

என் ஓட்டு வறட்சி தாங்கும் செடிகளுக்கு. காகிதப்பூவுக்குத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் இலைதான் மண்டும். கொஞ்சம் காயவிட்டால் பூத்துத் தள்ளும். சோற்றுக்கற்றாழை தன் இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும், அதனால் பகல் வெயிலில் நீர் அதிகம் போகாது. முன்வரிசையில் டேபிள் ரோஸ், நடுவில் நித்தியகல்யாணி என்று வைத்தால் நிறத்துக்கும் குறையில்லை. அரளியும் வறட்சிக்கு அசையாது. ஆனால் செடி முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகளோ நாயோ இருந்தால் தவிர்த்துவிடலாம்.

செடிகளுக்கு நடுவே 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு மூடாக்கு, அதனடியில் சொட்டுநீர்க் குழாய். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும், கொஞ்சம் தள்ளியே போடுங்கள். ஒரே சிக்கல், நட்ட உடனே இவை வறட்சி தாங்காது. வேர் ஆழமாக இறங்கும் வரை, முதல் ஒரு வருடமாவது ஒழுங்காகத் தண்ணீர் விட வேண்டும்.

புல் ஆசையையும் முழுக்க விட வேண்டாம். உட்காரவும் பிள்ளைகள் உருளவும் இரண்டு பாய் விரிக்கிற அளவு இருக்கட்டும். ஆனால் அதற்குத் தனிக் குழாய், தனி வால்வு. கற்றாழையோடு ஒரே இணைப்பில் விட்டால், புல்லுக்குத் தேவையான தண்ணீரே கற்றாழையை அழுகவைத்துவிடும்.