முன்னட்டையில் கிட்டார், பின்னட்டையில் டிரம்ஸ்: பன்னிரண்டு ஆண்டுச் சோல்-ஜாஸ் தட்டுச் சேகரிப்பு

கல்லூரி நாட்களில் 'எ டிரைப் கால்டு குவெஸ்ட்' என்ற ஹிப்-ஹாப் குழுவின் 1991-ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அதில் 'வைப்ஸ் அண்ட் ஸ்டஃப்' என்ற பாட்டின் அடியில் சுழன்றுகொண்டே இருக்கும் கிட்டார் துணுக்கு எங்கிருந்து வந்தது என்பது, நியூ ஜெர்சியில் குடியேறி இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 2013-இல் பிரின்ஸ்டனிலுள்ள பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் ஒலித்துக்கொண்டிருந்த தட்டில் அதே துணுக்கு வர, கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உறையை எடுத்து நீட்டினார். கிட்டார்க் கலைஞர் கிராண்ட் கிரீனின் 'அலைவ்!' என்ற அந்தத் தட்டு, 1970 ஆகஸ்ட் 15 அன்று நியூவார்க் நகரின் கிளிஷே லவுஞ்ச் என்ற விடுதியில் பதிவானது. என் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் நடந்த கச்சேரியைத் தேடி அத்தனை ஆண்டுகள் இணையத்தில் அலைந்திருக்கிறேன் என்பது வேடிக்கையாக இருந்தது. அன்று தொடங்கிய சேகரிப்பு ஒரு கட்டத்தில் முந்நூற்று நாற்பது தட்டுகள் வரை வளர்ந்து, இப்போது இருநூற்றுப் பத்தில் நிற்கிறது. எவற்றை வைத்துக்கொண்டேன், எவற்றை விற்றேன், ஏன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

சோல்-ஜாஸ் என்ற இந்த இசைக்குப் புதியவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். ஹேமண்ட் ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த சிறு குழு அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியிருப்புப் பகுதிகளில் இருந்த மதுவிடுதிகளில் வளர்ந்தது. ஆர்கன்காரரே இடக்கையாலும் கால்மிதிகளாலும் பேஸ் எனப்படும் அடி ஒலிப் பகுதியையும் வாசித்துவிடுவதால் விடுதிக்காரருக்கு ஓர் ஆள் சம்பளம் மிச்சம். அறுபதுகளின் பிற்பகுதியில் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் தாளம் எல்லோரையும் பிடித்துக்கொண்டபோது இந்தக் குழுக்களும் அதன் பக்கம் சாய்ந்தன. ஏறக்குறைய 1967 முதல் 1973 வரை புளூ நோட், பிரெஸ்டீஜ், குரூவ் மெர்ச்சன்ட் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட அத்தகைய கிட்டார் தட்டுகளே என் வட்டம். வெஸ் மான்ட்கோமரி, கென்னி பரல் போன்ற முன்னோடிகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றாலும் அவர்களைத் தேடி நான் மெனக்கெட்டதில்லை.

முதல் மூன்று ஆண்டுகளில் நான் செய்த பெரும் தவறு, முன்னட்டையில் இருக்கும் கிட்டார்க் கலைஞரின் பெயரைப் பார்த்து வாங்கியது. கிராண்ட் கிரீன் என்று போட்டிருந்தால் போதும், எடுத்துவிடுவேன். அப்படி வாங்கியதில் 1976-இல் குடு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த 'தி மெயின் அட்ராக்ஷன்' உட்படப் பல தட்டுகள், இரண்டு முறை ஒலித்த பிறகு அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. வாசிப்பவர் அதே மனிதர், விரல்களும் அதே விரல்கள், ஆனால் அடியில் தளம் சரியில்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடகரின் பெயரோடு மிருதங்கம் யார் என்றும் பார்த்துவிட்டுத்தானே நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள்? அந்த எளிய வழக்கத்தை இங்கே கடைப்பிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகளும் சில நூறு டாலர்களும் தேவைப்பட்டன. சோல்-ஜாஸ் கிட்டார் தட்டு என்பது பக்கவாத்தியக்காரரின் தட்டு. கிட்டார் பெயர் விற்பனைக்கு, டிரம்ஸ் பெயர் வீட்டுக்கு என்று இப்போது எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

அந்தக் கணக்கில் முதல் பெயர் இத்ரிஸ் முகமது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, அந்நகரத் தெரு ஊர்வலங்களின் தாளத்தைக் கைகளில் சுமந்துகொண்டு நியூயார்க் வந்தவர். அவர் வாசித்தால் ஒவ்வொரு அடியும் கீழே விழும்போதே சற்றுத் துள்ளி எழும். கிராண்ட் கிரீனின் 'கேரியின் ஆன்', 'கிரீன் இஸ் பியூட்டிஃபுல்', 'அலைவ்!' ஆகிய மூன்றும் அவரால்தான் நிற்கின்றன என்பது என் முடிவு. பதினோரு நிமிடம் ஓடும் 'சூக்கி சூக்கி'யில் கிரீன் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்தும் அலுப்புத் தட்டாததற்குக் காரணம், அந்த ஒவ்வொரு முறையும் டிரம்ஸ் அதற்கு வேறொரு பதில் சொல்லிக்கொண்டிருப்பது. பின்னட்டையைப் படிப்பவர்களுக்கு ஒரு நுணுக்கமும் உண்டு. இவர் இஸ்லாத்தைத் தழுவிப் பெயர் மாற்றிக்கொள்வதற்கு முன் லியோ மாரிஸ் என்று அறியப்பட்டார். சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்சனின் 1967-ஆம் ஆண்டுத் தட்டான 'அலிகேட்டர் பூகலூ'வில் இளம் ஜார்ஜ் பென்சனின் கிட்டாருக்குப் பின்னால் தாளம் போடும் லியோ மாரிஸ் இவரேதான். இது தெரியாமல் அந்தத் தட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது அது அங்கே இல்லை.

இரண்டாவது பெயர் பெர்னார்ட் பர்டி. கிட்டார்க் கலைஞர் பூகலூ ஜோ ஜோன்ஸ் பிரெஸ்டீஜுக்காக 1970-இல் பதிவுசெய்த 'ரைட் ஆன் பிரதர்', 'நோ வே!' ஆகிய இரண்டிலும் பர்டி இருக்கிறார். ஆர்கன் இருந்தும் ஜிம்மி லூயிஸ் தனியாக மின்பேஸ் வாசித்திருப்பதால், கீழ்ப்பகுதி கயிறு முறுக்கியதுபோல் இறுகியிருக்கிறது. ஜோன்ஸ் வேகக்காரர்; கம்பியைச் சுண்டும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும். 'நோ வே!'யில் சாக்ஸபோன் வாசிப்பவர், தன் பெயரில் ஒரு தட்டும் வெளிவராத நிலையிலிருந்த குரோவர் வாஷிங்டன் ஜூனியர். இன்னொரு கிட்டார்காரரான மெல்வின் ஸ்பார்க்ஸின் முதல் தட்டான 'ஸ்பார்க்ஸ்!'ஸும் அதே 1970-இல் அதே நிறுவனத்துக்காகப் பதிவானதுதான், அதில் இத்ரிஸ் முகமது. என்னை ஒரே ஒரு தட்டை வைத்துக்கொள்ளச் சொன்னால் 'அலைவ்!'வை விட்டுவிட்டு ஸ்பார்க்ஸை எடுத்துக்கொள்ளும் நாட்களும் உண்டு. டெக்சாஸ்காரரான அவருடைய வாசிப்பில் புளூஸ் ஒருபோதும் வறண்டுபோவதில்லை.

நான் முதலில் சேர்த்த தட்டுகளில் கணிசமானவை ரூடி வான் கெல்டர் என்ற ஒரே ஒலிப்பதிவாளரின் கையால் வந்தவை. இங்கிள்வுட் கிளிஃப்ஸில் 1959-இல் அவர் திறந்த ஒலிப்பதிவுக்கூடமும் எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. அவரே வெட்டிய அச்சு என்பதற்கு அடையாளமாக, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வெறுமையாக இருக்கும் வளையத்தில் அவருடைய பெயர் குத்தப்பட்டிருக்கும். அந்த வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் படிப்பது எந்தச் சேகரிப்பாளருக்கும் விரைவில் தொற்றிக்கொள்ளும் பழக்கம். புளூ நோட் தட்டுகளில் காது வடிவக் குறியைத் தேடும் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிலைட் என்ற பழைய அச்சாலையின் அந்தக் குறி 1966-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அப்போது புளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. நாம் பேசும் ஃபங்க் காலத்துத் தட்டுகளில் காது இல்லாதிருப்பதே இயல்பு, அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வதில் பொருளில்லை. பிரெஸ்டீஜ் தட்டுகளுக்கு லேபிளே போதுமான சாட்சி. திரிசூலம் போட்ட நீல லேபிளில் நியூ ஜெர்சியின் பெர்கன்ஃபீல்டு முகவரி இருந்தால் முந்தைய அச்சு. 1971-இல் ஃபேன்டசி நிறுவனம் வாங்கிய பிறகு வந்த பச்சை லேபிளில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி முகவரி இருக்கும்.

இனி நிலைமை. இந்த வகைத் தட்டுகளைச் சுத்தமாகப் பெறுவது, அதே நிறுவனங்களின் மற்ற ஜாஸ் தட்டுகளைச் சுத்தமாகப் பெறுவதைவிடக் கடினம். வரவேற்பறையில் அமர்ந்து கேட்பதற்காக வாங்கப்பட்டவை அல்ல இவை. வீட்டு விருந்துகளில், கனமான ஊசி வைத்த மலிவான கருவிகளில், உறைக்குள் திரும்பிப் போகாமல் இரவெல்லாம் சுழன்றவை. ஆகவே 'மிக நன்று, பிளஸ்' என்று தரமிட்டு விற்கப்படும் தட்டு, பார்வைக்கு அப்படி இருந்தாலும் காதுக்கு இரண்டு படி கீழேயே இருக்கும். அஞ்சலில் அறுபது டாலருக்கு நான் வாங்கிய 'ரைட் ஆன் பிரதர்' கண்ணாடிபோல் மின்னியது. ஊசியை வைத்தால் ஜோன்ஸின் வேகமான சுண்டல்கள் அனைத்தும் எண்ணெயில் பொரிந்தன. விற்றவருக்கு எழுதியபோது, தான் பார்த்துத் தரமிட்டதாகவும் கேட்டுத் தரமிட்டதாகச் சொல்லவில்லை என்றும் பதில் வந்தது. அன்று முதல், ஒலிக்கவிட்டுத் தரமிட்டீர்களா என்று கேட்காமல் யாரிடமும் வாங்குவதில்லை.

பல ஆண்டுகள் கழித்து மெல்ல விளங்கிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தேய்ந்த தட்டில் முதலில் போவது உச்ச ஒலிகள்: சிம்பல், வைப்ராஃபோன், கம்பியின் கூர்மை. கிராண்ட் கிரீன் தன் ஆம்ப்ளிஃபயரில் அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைத்து நடு ஒலியை மட்டும் தூக்கி வைத்து வாசித்தவர். பெரும்பாலும் ஒற்றைச் சுர வரிசைகள், பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு அபூர்வம். ஊசித் தேய்மானம் கடைசியாகத் தொடும் இடத்தில் அவர் வீடு கட்டியிருக்கிறார் என்று தோன்றும். அதனால் அவருடைய தட்டில் சுமாரான பிரதியை வாங்கினாலும் கிட்டார் தப்பித்துவிடுகிறது, ஜோ ஜோன்ஸ் தட்டில் தப்புவதில்லை. பட்ஜெட்டைப் பிரிப்பதற்கு இது எனக்கு நடைமுறையில் உதவிய விதி: கிரீனுக்குச் சிக்கனம், ஜோன்ஸுக்கும் ஸ்பார்க்ஸுக்கும் தாராளம்.

ஊசி விஷயத்தில் இதே காரணத்தால்தான் மாற்றம் செய்தேன். ஆறு ஆண்டுகள் நீள்வட்ட முனை கொண்ட சாதாரண ஊசியோடு ஓட்டிய பிறகு, ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் மைக்ரோலினியர் முனைக்கு மாறினேன். பழைய ஊசிகள் உரசித் தேய்க்காத இடத்தில் இந்த மெல்லிய முனை ஒலிப்பள்ளத்தின் சுவரைத் தொடுவதால், இறந்துவிட்டதாக ஒதுக்கிய ஏழெட்டுத் தட்டுகள் எழுந்து வந்தன. நீள்வட்ட முனைக்கு முந்நூறு மணி நேரமும் இதற்கு ஆயிரம் மணி நேரமும் ஆயுள் என்று நிறுவனமே சொல்வதால், விலை வித்தியாசம் கணக்குப் பார்த்தால் கசக்கவில்லை. ஆனால் கீறலின் சத்தத்தை இது இன்னும் துல்லியமாகத் தருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழுவுவதற்கு உறிஞ்சும் வசதியுள்ள சிறிய இயந்திரம், காய்ச்சி வடித்த நீர், பழைய காகித உள்ளுறைக்குப் பதிலாகப் பாலித்தீன் உள்ளுறை ஆகியவை போதும். இவற்றுக்கு மேல் செலவழித்ததெல்லாம் ஆசைக்காகத்தான். நிலவறையில் வைத்திருந்த முதல் கோடையில் அட்டைகளின் முதுகில் பூஞ்சை பூத்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கும்வரை எல்லாவற்றையும் கூடத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது, வீட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

மறுவெளியீடுகளைத் தாழ்வாக நினைத்ததுண்டு, இப்போது இல்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டன் நடன அரங்குகளில் இந்தத் தட்டுகளுக்கு மறுவாழ்வு கிடைத்தபோது, ஏஸ் ரெக்கார்ட்ஸின் கிளையான பிஜிபி, பிரெஸ்டீஜ் சரக்கை மறுபடியும் அச்சிட்டது. அந்த பிஜிபி பிரதிகள் சிலவற்றைத் தேய்ந்த அசலோடு பக்கத்துப் பக்கம் வைத்துக் கேட்டேன். நல்ல நிலையிலுள்ள அசலில் டிரம்ஸ் இன்னும் முகத்துக்கு முன்னால் நிற்கிறது என்பது உண்மை. தேய்ந்த அசலைவிட மறுவெளியீடு எப்போதும் மேல் என்பதும் உண்மை. ரெசொனன்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட கிரீனின் பிரெஞ்சுக் கச்சேரிப் பதிவுகளும் 1975-ஆம் ஆண்டு வான்கூவர் பதிவும் அதுவரை வெளிவராதவை என்பதால், அங்கே அசலா நகலா என்ற பேச்சுக்கே இடமில்லை. வான்கூவர் தட்டில் ஒரு மெட்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே அரைமணி நேரம் ஓடும் பகுதி எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்கு ஏற்றதாக இருக்கிறது.

விற்ற நூற்று முப்பதில் பெரும்பகுதி, வயலின் வரிசைகளைப் பூசி வானொலிக்காகச் செய்யப்பட்ட தட்டுகளும், கிட்டார்காரர் பெயருக்காக மட்டும் வாங்கியவையும். அந்தப் பணத்தில் ஆர்கன்காரர்களின் பெயரில் வெளியான தட்டுகளை வாங்கினேன். ரூபன் வில்சனின் 'லவ் பக்'கில் கிராண்ட் கிரீன் இருக்கிறார், சார்ல்ஸ் எர்லண்டின் 'பிளாக் டாக்!'கில் மெல்வின் ஸ்பார்க்ஸ் இருக்கிறார், இரண்டிலும் இத்ரிஸ் முகமது இருக்கிறார். ஆனால் அட்டையில் கிட்டார் இல்லாததால் கிட்டார்ப் பெட்டியில் தேடுகிறவர்கள் கண்ணில் இவை படுவதில்லை. சென்ற மாதம் பிரின்ஸ்டனில் ஆர்கன் பெட்டியின் அடியில் ரஸ்டி பிரையன்ட்டின் 'சோல் லிபரேஷன்' கிடைத்தது. சாக்ஸபோன் தட்டு, தவறான பெட்டியில் யாரோ செருகியிருக்கிறார்கள். உறையின் மூலையை வெட்டியிருந்தது, இரண்டாம் பக்கத்தில் ஒரு கைரேகை ஊசியின் பாதைக்குக் குறுக்கே படிந்திருந்தது. பின்னட்டையில் ஸ்பார்க்ஸ், எர்லண்ட், முகமது. பதினான்கு டாலர். இரண்டு முறை கழுவியும் ரேகை போகவில்லை. ஒலியில் அது கேட்கவுமில்லை.